வட்டியைக் குறைத்ததும் வாங்கினேன், ஏன் இறங்கியது?

கேள்வி: வணக்கம் சார். ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 46. இண்டெக்ஸ், ஃப்ளெக்ஸி கேப் ஃபண்டுகளில் 12 லட்சம், ஸ்மால் கேப் (சிறு நிறுவனப் பங்கு) ஃபண்டில் 6 லட்சம், ஐ.டி. பங்குகளில் 3 லட்சம் வைத்திருக்கிறேன். 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டியை அரை சதவிகிதம் குறைத்தது. "வட்டி குறைந்தால் வங்கி, ரியல் எஸ்டேட், ஆட்டோ ஏறும்" என்று எல்லோரும் சொன்னதால், ஸ்மால் கேப் ஃபண்டிலிருந்து 3 லட்சத்தை எடுத்து, ஜூன் 10 அன்று பணம் வந்ததும் வங்கித்துறை ஃபண்டில் போட்டேன். ஆகஸ்ட் கடைசியில் 5% நஷ்டம். பயந்து விற்றுவிட்டேன். நவம்பரில் பார்த்தால் வங்கிப் பங்குகள் புது உச்சத்தில் நிற்கின்றன! அதற்கு முன்பு பிப்ரவரியில் வட்டியைக் குறைத்தபோதும் சந்தை இறங்கத்தான் செய்தது. டிசம்பரில் மறுபடி கால் சதவிகிதம் குறைத்திருக்கிறார்கள். கையில் 2.85 லட்சம் சும்மா இருக்கிறது. வட்டி குறைந்தால் ஏறும் என்பது பொய்யா? எந்தத் துறைக்கு எப்போது மாறுவது? வீட்டுக் கடன் 22 லட்சம் பாக்கி, இன்னும் 15 ஆண்டுகள். 2025 தொடக்கத்தில் வட்டி 9%, ரெப்போவுடன் இணைந்தது.

பதில்: வணக்கம். நீங்கள் கேட்ட சொலவடை பொய்யில்லை, அரைகுறை. வட்டி குறைந்தால் யாருக்கு, எத்தனை மாதம் கழித்து லாபம் என்ற பாதியை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. விற்ற தேதியில் உங்களுக்குக் கோளாறு நேர்ந்ததும் அந்தப் பாதியால்தான். வாங்கிய தேதியில் நேர்ந்தது வேறு கோளாறு. அதை முதலில் பார்த்துவிடலாம்.

ரிசர்வ் வங்கி அறிவிப்பு காலை 10 மணிக்கு வரும். பங்குகள் அடுத்த நிமிடமே விலை மாறிவிடும். மியூச்சுவல் ஃபண்டில் மதியம் 3 மணிக்கு முன் பணம் போய்ச் சேர்ந்தாலும் அன்று மாலை என்.ஏ.வி.தான் (ஒரு யூனிட்டின் விலை) கிடைக்கும். அதாவது ஏற்றம் முடிந்த பிறகான விலை. நீங்கள் இன்னொரு ஃபண்டை விற்று, பணம் வர இரண்டு வேலை நாள் காத்திருந்து வாங்கினீர்கள். அதற்கு முந்தைய நாள்தான், ஜூன் 9 வர்த்தகத்தின் நடுவே, வங்கிப் பங்குகளின் குறியீடான வங்கி நிஃப்டி 57,000-ஐத் தாண்டியிருந்தது. அறிவிப்பு நாளில் ஃபண்ட் மாறுவது என்பது பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு போய் உட்கார்வதுதான்.

அது மட்டுமல்ல. அந்த வட்டிக் குறைப்பின் பெரும்பகுதி ஜூனுக்கு முன்பே விலையில் ஏறிவிட்டது. இதைக் காட்டும் கண்ணாடி 10 ஆண்டு அரசுக் கடன் பத்திரத்தின் வட்டி. 2025 ஜனவரியில் 6.8% அருகில் இருந்த அது, ஜூன் முதல் வாரத்தில் 6.2% அருகில் வந்துவிட்டது. கடன் சந்தை ஆறு மாதக் குறைப்பை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தது. ஜூன் 6 அன்று எதிர்பார்த்தது கால், கிடைத்தது அரை. கூடவே, டெபாசிட்டில் வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வைக்கவேண்டிய ரொக்கக் கையிருப்பு விகிதத்திலும் (சி.ஆர்.ஆர்.) ஒரு சதவிகிதக் குறைப்பு. கொண்டாட்டம்தான். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு வரி இருந்தது: கொள்கை நிலைப்பாடு 'தளர்வு' என்பதிலிருந்து 'நடுநிலை' ஆகிறது. இனி உடனடியாகக் குறைப்பு வராது என்று கடன் சந்தை படித்துக்கொண்டது. குறைப்பு அறிவித்த பிறகு 10 ஆண்டு பத்திர வட்டி இறங்கவில்லை, ஏறியது. ஆகஸ்ட் இறுதியில் 6.6% பக்கம் போனது. நீங்கள் தலைப்பை வாங்கினீர்கள், சந்தை அந்த வரியை விற்றது.

இனி வங்கிக் கணக்கு. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், எளிதாகப் பிடிபடும்.

2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் கொடுக்கும் புதிய வீட்டுக் கடன் போன்ற தனிநபர் மாறும் வட்டிக் கடன்களும் சிறு, குறு நிறுவனக் கடன்களும் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலுடன் இணைந்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி மாற வேண்டும். இன்று வங்கிகளின் மாறும் வட்டிக் கடன்களில் 60%-க்கு மேல் இப்படிப்பட்டவை. ஆக, ரெப்போ 1% குறைந்தால், 100 ரூபாய் மாறும் வட்டிக் கடனில் 60 ரூபாய்க்கு உடனே வட்டி வருமானம் குறைகிறது: 60 பைசா. மறுபக்கம் டெபாசிட். ஏற்கெனவே போட்ட ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு முதிர்வு வரை பழைய வட்டியைத்தான் கொடுத்தாக வேண்டும். ஆறு மாதத்தில் 100 ரூபாய் டெபாசிட்டில் 30 ரூபாய்தான் புதுப்பிப்புக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 30 பைசா. வரவு 60 பைசா குறைந்து செலவு 30 பைசா மட்டுமே குறைந்தால் நிகர வட்டி வரம்பு (வட்டி வரவுக்கும் வட்டிச் செலவுக்கும் உள்ள இடைவெளி) சுருங்கும். சேமிப்புக் கணக்கு வட்டியைப் பெரிய வங்கிகள் 2.5%-க்கு இறக்கியது இந்த ஓட்டையை அடைக்கத்தான். சி.ஆர்.ஆர். குறைப்பு? ரிசர்வ் வங்கியில் வட்டியில்லாமல் கிடந்த 1 ரூபாய் வெளியே வந்து 7%-க்குக் கடனாகப் போனால் 100 ரூபாய்க்கு 7 பைசா. நல்லதுதான், ஆனால் அது செப்டம்பர் 6, அக்டோபர் 4, நவம்பர் 1, நவம்பர் 29 என்று நான்கு தவணையாகத்தான் வந்தது.

இப்போது உங்கள் தேதிகளை இதன்மேல் பொருத்திப் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வரவு குறைந்த மாதங்கள். அப்போது நீங்கள் உள்ளே இருந்தீர்கள். செப்டம்பர் முதல் டெபாசிட் செலவு குறையவும் சி.ஆர்.ஆர். பணம் வரவும் தொடங்கியது. அப்போது நீங்கள் வெளியே. வங்கி நிஃப்டி ஆகஸ்ட் 29 அன்று 53,700 அருகே முடிந்து, டிசம்பர் தொடக்கத்தில் 60,000-ஐத் தொட்டது. காரணம் இது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50% வரி போட்டது. ஜவுளித் தொழிலில் இருக்கும் உங்களுக்கு அதன் சூடு தெரிந்திருக்கும். செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைப்பும் வந்தது. என்றாலும் வங்கிகளின் லாபம் எந்தக் காலாண்டில் அடிவாங்கும், எந்தக் காலாண்டில் நிமிரும் என்பதை ஜூன் 6 அன்றே காகிதத்தில் எழுதியிருக்க முடியும்.

எல்லா வங்கிக்கும் இது ஒரே மாதிரி நடப்பதில்லை. தனியார் வங்கிகளில் ரெப்போ இணைப்புக் கடன் அதிகம், அதனால் அடி முதலில் அங்கே. பொதுத்துறை வங்கிகளில், வங்கியின் சொந்த நிதிச் செலவை வைத்து வட்டி போடும் பழைய எம்.சி.எல்.ஆர். கடன்களின் பங்கு அதிகம், வட்டி மெதுவாக இறங்கும். அவை கையில் வைத்திருக்கும் அரசுப் பத்திரங்களும் ஏராளம். பத்திர வட்டி அரை சதவிகிதம் இறங்கினால் 10 ஆண்டு பத்திரத்தின் விலை சுமார் 3.5% ஏறும், அந்த லாபம் வட்டி நஷ்டத்தை ஓரளவு மறைத்துவிடும். பத்திர வட்டி திரும்ப ஏறினால் அந்த மறைப்பும் போய்விடும்.

வாகனக் கடன் கொடுக்கும் வங்கிசாரா நிதி நிறுவனங்கள் இதற்கு நேரெதிர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய நிறுவனங்கள் சில இந்தத் தொழிலில்தான் வளர்ந்தவை. லாரிக்கும் டிராக்டருக்கும் கொடுக்கும் கடன் நிலையான வட்டியில் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குப் போகிறது. வாங்கும் பணமோ வங்கிக் கடன், கடன் பத்திரம் என்று மாறக்கூடியது. வட்டி இறங்கினால் செலவு முதலில் குறையும், வரவு அப்படியே நிற்கும். ஏறினால் அதே கத்தி மறுபக்கம் வெட்டும். ஆகவே "நிதித்துறை" என்ற ஒரே மூட்டைக்குள் வட்டிக் குறைப்பால் முதலில் நஷ்டப்படுகிறவரும் முதலில் லாபப்படுகிறவரும் சேர்ந்தே இருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் வட்டி வரவு முன்னால் மாறுகிறதா, வட்டிச் செலவு முன்னால் மாறுகிறதா? காலாண்டு முடிவுகளோடு வரும் முதலீட்டாளர் விளக்கப் பக்கங்களில் நிலையான வட்டிக் கடன் எவ்வளவு, ரெப்போ இணைப்பு எவ்வளவு என்று பிரித்தே போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் துறைப் பெயரை வைத்து வாங்காதீர்கள்.

ரெப்போவைத் தொடாமலே ரிசர்வ் வங்கி ஒரு துறையைத் தூக்கவும் இறக்கவும் முடியும். 2023 பிப்ரவரியிலிருந்து 2025 பிப்ரவரி வரை ரெப்போ 6.5%-லேயே நின்றது. ஆனால் நடுவில், 2023 நவம்பர் 16 மாலை, ஈடில்லாத தனிநபர் கடன்களுக்கான இடர் எடையை 100-லிருந்து 125 ஆக உயர்த்தினார்கள். 100 ரூபாய் கடனுக்கு வங்கி ஒதுக்கவேண்டிய மூலதனம் கால்பங்கு கூடியது. அடுத்த நாள் கிரெடிட் கார்டு, தனிநபர் கடன் நிறுவனப் பங்குகள் சரிந்தன. இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு நகைக் கடன். 2025 ஏப்ரல் 9 அன்று ரெப்போவைக் கால் சதவிகிதம் குறைத்த அதே உரையில், நகைக் கடனுக்குப் புதிய விதிகள் வருகின்றன என்ற அறிவிப்பும் இருந்தது. வட்டி குறைந்த நாளிலேயே நகைக் கடன் நிறுவனப் பங்குகள் விழுந்தன. ஜூன் 6 அன்று, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85% வரை கொடுக்கலாம் என்று இறுதி விதி தளர்ந்ததும் அவை ஏறின. கொள்கை அறிக்கையோடு வரும் 'வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைக் கொள்கைகள்' பற்றிய தனி அறிக்கையைப் பெரும்பாலோர் திறப்பதே இல்லை. துறை மாற்றத்துக்கான தீனி ரெப்போ எண்ணைவிட அதில்தான் அதிகம்.

அடுத்து, பிப்ரவரியில் வட்டியைக் குறைத்தும் சந்தை ஏன் இறங்கியது என்ற கேள்வி. 2025 பிப்ரவரி 7 அன்று 6.5%-லிருந்து 6.25% ஆக்கினார்கள். அன்று 23,560-ல் முடிந்த நிஃப்டி, மார்ச் 4 அன்று 22,083. அந்தப் பிப்ரவரியோடு தொடர்ந்து ஐந்து மாதம் இறக்கம். 1996-க்குப் பிறகு அப்படி நடந்ததில்லை. கதை மும்பையில் தொடங்கவில்லை.

2024 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட், வட்டியை அரை சதவிகிதம் குறைத்தது. பாடப்புத்தகப்படி அந்நியப் பணம் இங்கே ஓடிவர வேண்டும். ஆனால் அமெரிக்க 10 ஆண்டு பத்திர வட்டி குறைப்புக்குப் பின் 3.6% அருகிலிருந்து ஜனவரியில் 4.8% வரை ஏறியது. ஃபெட் கையில் இருப்பது ஓரிரவு வட்டி. நீண்டகால வட்டியைச் சந்தை தீர்மானிக்கிறது. இந்தியப் பத்திரம் 6.8%, அமெரிக்கப் பத்திரம் 4.8% என்றால் வித்தியாசம் 2% மட்டுமே. ரூபாய் ஆண்டுக்கு 3% சரிந்தால் அந்நிய முதலீட்டாளருக்கு அதுவும் மிஞ்சாது. அக்டோபரில் மட்டும் நம் பங்குச் சந்தையிலிருந்து சுமார் 94,000 கோடி ரூபாயை அவர்கள் எடுத்தார்கள். அவர்கள் கையில் அதிகம் இருப்பது நிதித்துறைப் பங்குகள். விற்கும்போது கையில் இருப்பதைத்தானே விற்க முடியும்? ஒரு துறை இறங்குவதற்கு அந்தத் துறையில் கோளாறு இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

இதன் அடுத்த கட்டத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. டாலர் வெளியே போகும்போது ரூபாய் சரியாமலிருக்க ரிசர்வ் வங்கி டாலரை விற்றது. செப்டம்பர் இறுதியில் 70,000 கோடி டாலரைத் தாண்டியிருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, ஜனவரியில் 63,000 கோடிக்குக் கீழே வந்தது. டாலரை விற்றால் பதிலுக்கு ரூபாய் ரிசர்வ் வங்கிக்குள் போகிறது. வங்கி அமைப்பில் பணம் வற்றுகிறது. ஜனவரி இறுதியில் பற்றாக்குறை 3 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது கயிற்றின் விலையைக் குறைத்து என்ன பயன்? ஜனவரி 27 அன்று ரிசர்வ் வங்கி பத்திரம் வாங்குவதாகவும் டாலர் வாங்கி ரூபாய் தருவதாகவும் அறிவித்தது, அது மெல்ல மெல்ல நிரம்பி, மார்ச் இறுதிவாக்கில்தான் பற்றாக்குறை உபரியானது. சந்தையும் மார்ச்சில்தான் திரும்பியது. ஏப்ரல் 7 அன்று அமெரிக்க வரிப் பயத்தில் ஒருமுறை கீழே தொட்டுவிட்டு ஏறியது தனிக் கதை.

2008-லும் இப்படித்தான். அக்டோபரில் 9% இருந்த ரெப்போவை 2009 ஏப்ரலுக்குள் 4.75% ஆக்கினார்கள். குறைப்பு தொடங்கிய பிறகும் சென்செக்ஸ் தள்ளாடி, 2009 மார்ச் 9 அன்று 8,160-ல் முடிந்தது. மத்திய வங்கி அவசரமாகக் குறைக்கிறது என்றால் ஏதோ எரிகிறது என்றும் பொருள். முதல் குறைப்பைக் கண்டு வாங்குகிறவர் நெருப்பைப் பார்க்காமல் தண்ணீர் வண்டியை மட்டும் பார்க்கிறார்.

உங்கள் ஸ்மால் கேப் விஷயத்துக்கு வருகிறேன். 2025 மார்ச் வரையிலான அந்த இறக்கத்தில் நிஃப்டி உச்சத்திலிருந்து சுமார் 16% இறங்கியபோது ஸ்மால் கேப் குறியீடு சுமார் 25% இறங்கியது. இதில் ஒரு பகுதி வெறும் கணக்கு. எதிர்பார்க்கும் வருமானம் 12%, நீண்டகால வளர்ச்சி 7% என்றால், ஒரு ரூபாய் லாபத்துக்குக் கொடுக்கத் தகுந்த விலை, ஒன்றை, 12-ல் 7 போக மிஞ்சும் 5%-ஆல் வகுத்தால் 20 ரூபாய். பத்திர வட்டி ஏறி அந்த 12 என்பது 12.5 ஆனால், விலை 18.2 ரூபாய். 9% இறக்கம். வளர்ச்சி 9% என்று நம்பி 33 ரூபாய் கொடுத்த பங்கில் அதே அரை சதவிகிதம் 14% இறக்கத்தைக் கொடுக்கும். 4% வளரும் சோம்பேறிப் பங்கில் 6% இறக்கம்தான். (லாபம் முழுவதும் கைக்கு வருகிறது என்று வைத்துப் போட்ட கணக்கு, தோராயம்தான்.) எதிர்காலத்தில் வரும் லாபத்துக்கு இன்றே விலை கொடுத்த பங்குகள் வட்டிக்கு அதிகம் ஆடும். அதோடு ஸ்மால் கேப்பில் வாங்க ஆள் குறைவு, விற்க நாள் பிடிக்கும். உங்கள் ஃபண்டின் பங்குகளில் பாதியை விற்க எத்தனை நாளாகும் என்பதை ஃபண்ட் நிறுவனங்கள் 2024 மார்ச்சிலிருந்து வெளியிடுகின்றன. இருபது, முப்பது நாள் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் அதைத் தெரிந்துகொண்டு வைத்திருங்கள்.

ஐ.டி. பங்குகளை ரிசர்வ் வங்கிக் கூட்டத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். அவற்றின் வாடிக்கையாளர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். 2022-ல் ஃபெட் வட்டியைத் தொடர்ந்து நான்கு முறை முக்கால் சதவிகிதம் வீதம் ஏற்றியது. அந்த ஆண்டு நிஃப்டி ஐ.டி. குறியீடு சுமார் 26% இறங்கியது. அதே ஆண்டு இங்கே ரிசர்வ் வங்கியும் 4%-லிருந்து 6.25% வரை ஏற்றிக்கொண்டிருந்தது, பொதுத்துறை வங்கிக் குறியீடோ சுமார் 70% ஏறியது. கடன் வட்டி உடனே உயர்ந்து டெபாசிட் செலவு மெதுவாக உயர்ந்தது, வாராக்கடன் குறைந்தது, கடன் தேவை கூடியது. மேலே சொன்ன 60 பைசா கணக்கு அப்போது தலைகீழாக வேலை செய்தது. "வட்டி ஏறினால் வங்கிப் பங்கை விற்க வேண்டும்" என்று அந்த ஆண்டில் யாராவது சொன்னதை நீங்கள் கேட்டிருந்தால், இதைவிடப் பெரிய தொகை போயிருக்கும்.

அதற்காக வட்டி ஏறினால் வங்கி ஏறும் என்று புதிய சொலவடையைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். 2013 ஜூலை 15 அன்று ரூபாயைக் காப்பாற்ற ரிசர்வ் வங்கி குறுகிய கால வட்டியை ஒரே இரவில் 10.25% ஆக்கியது. மே மாத உச்சத்திலிருந்து ஆகஸ்ட் இறுதிக்குள் வங்கி நிஃப்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது. அது தொழில் வேகத்தை அடக்க மெல்ல ஏற்றிய வட்டி இல்லை, பணத்தையே இறுக்கிய வட்டி. பத்திர விலை சரிந்து வங்கிகளின் கையிருப்பும் நஷ்டத்தில் போனது.

ரியல் எஸ்டேட், ஆட்டோ இரண்டும் தேவை சார்ந்தவை. மாதத் தவணை 1,500 ரூபாய் குறைந்ததும் யாரும் மறுநாள் வீடு வாங்கக் கிளம்புவதில்லை, ஆனால் பங்கு விலை அன்றே ஏறிவிடும். அன்றாட நுகர்பொருள், மருந்துத் துறைகளுக்கு வட்டியோடு நேரடி உறவு குறைவு. இறக்கத்தில் பணம் ஒதுங்கும் திண்ணை அவை. உலோகத்துக்கு டாலரையும் சீனாவையும் பார்க்க வேண்டும்.

சரி, எதைப் பார்ப்பது? மூன்று எண்கள் போதும். 10 ஆண்டு பத்திர வட்டி எந்தப் பக்கம் நகர்கிறது. ரிசர்வ் வங்கி தினமும் வெளியிடும் பணச் சந்தைச் செயல்பாட்டு அறிக்கையில் அமைப்பில் பணம் உபரியா பற்றாக்குறையா, வங்கிகளுக்கிடையே ஓரிரவு வட்டி ரெப்போவுக்கு மேலா கீழா. மேலே நின்றால், குறைப்பு என்று பேப்பரில் போட்டாலும் நடைமுறையில் இறுக்கம்தான். மூன்றாவது, அந்நிய முதலீட்டாளர்கள் எந்தத் துறையில் வாங்கினார்கள், விற்றார்கள் என்று, பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் அமைப்பான என்.எஸ்.டி.எல். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தரும் பட்டியல். வாரம் ஒருமுறை ஒரு நோட்டில் எழுதுங்கள். அறிவிப்பு நாளில் மட்டும் எதையும் வாங்கவோ விற்கவோ வேண்டாம்.

ஆனால் துறை மாறுவதற்கு ஒரு கூலி உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. 2 லட்சம் போட்டு எட்டு மாதத்தில் 2.40 லட்சம் ஆன ஒரு துறை ஃபண்டை விற்று இன்னொன்றுக்கு மாறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியேறும் கட்டணம் 1% என்றால் 2,400 ரூபாய். மிச்ச லாபம் 37,600-க்குக் குறுகிய கால வரி, செஸ் சேர்த்து 20.8%: 7,821 ரூபாய். கைக்கு வருவது 2,29,779. புதிய துறை 4.4% ஏறிய பிறகுதான் நீங்கள் கிளம்பிய இடத்துக்கே வருகிறீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை மாறினால் இந்தக் கூலியே உங்கள் எஃப்.டி. வட்டியைத் தின்றுவிடும். ஓராண்டு தாண்டி விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு மட்டும் 12.5%-உம் செஸ்ஸும். உங்கள் ஃப்ளெக்ஸி கேப் ஃபண்ட் மேலாளர் இதே மாற்றத்தை உள்ளுக்குள் செய்யும்போது உங்கள் தலையில் வரி விழாது. துறை மாற்றம் அவர் வேலை. அதற்குத்தான் ஆண்டுக் கட்டணம் கொடுக்கிறீர்கள்.

எனவே 2.85 லட்சத்துக்கு என் யோசனை இது. அதை வேறு துறை ஃபண்டில் போடாதீர்கள். ஏற்கெனவே 24 லட்சத்தில் 3 லட்சம் ஐ.டி. என்ற ஒரே துறையில் இருக்கிறது, அது 12.5%. தனித்துறைக்கு 10% போதும் என்பேன். ஸ்மால் கேப்புக்கு 25% என்று ஒரு இலக்கு வையுங்கள். இன்று 6 லட்சம், ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கிறது. அது 20%-க்குக் கீழே போனால் வாங்குங்கள், 30%-க்கு மேலே போனால் குறையுங்கள். மேலே சொன்ன 25% இறக்கம் போல ஒன்று வரும்போது இந்த விதி உங்களை வாங்கும் பக்கம் தள்ளும், தொலைக்காட்சி விற்கும் பக்கம் தள்ளும். கையிலுள்ள தொகையை ஆறு சம தவணையாக, மாதம் 47,500 ரூபாய் வீதம், இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றுங்கள். அதுவரை லிக்விட் ஃபண்டில் (மிகக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) இருக்கட்டும். எந்தப் பங்கு என்று பெயர் சொல்லி இந்தப் பக்கத்தில் எழுதுவதில்லை.

துறை பிடித்துப் பார்க்கும் ஆசை விடவில்லை என்றால், ஐ.டி.யை ஓராண்டு தாண்டிய பிறகு கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் மட்டும் செய்யுங்கள். மூன்று பங்காகப் பிரித்து, முதல் பங்கைப் பணப்புழக்கம் உபரியாக மாறியதும், அடுத்ததை வட்டி வரம்பின் சரிவு நின்றது என்று ஒரு காலாண்டு முடிவு சொன்னதும், கடைசியை அதற்கடுத்த காலாண்டு அதை உறுதி செய்ததும் போடலாம். வாங்கும் முன்பே, எது நடந்தால் வெளியேறுவேன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஆகஸ்டில் 5% நஷ்டத்தில் நீங்கள் வெளியேறியதற்கு அப்படி எழுதிய காரணம் எதுவும் இல்லை. விலை இறங்கியது ஒன்றே காரணம். வட்டி வரம்பு சுருங்கும் என்று முன்பே தெரிந்திருந்தால், அந்த இறக்கம் எதிர்பார்த்ததுதான் என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்த 15,000 ரூபாய் நஷ்டம் வீண் போக வேண்டியதில்லை. குறுகிய கால மூலதன நஷ்டத்தைக் குறுகிய கால, நீண்டகால லாபம் இரண்டிலும் கழிக்கலாம். ஸ்மால் கேப்பை விற்றதில் லாபம் இருந்தால் முதலில் அதில் கழியும். மிச்சத்தை எட்டு ஆண்டு வரை எடுத்துச் செல்லலாம், ஆனால் உரிய தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்க வேண்டும். சம்பளக்காரர் என்று வழக்கம்போல் ஐ.டி.ஆர். 1 போட்டால் அதில் நஷ்டத்தைக் காட்ட இடமில்லை, ஐ.டி.ஆர். 2 போடுங்கள்.

கடைசியாக வீட்டுக் கடன். 2025-ல் ரெப்போ மொத்தம் 1.25% குறைந்து 5.25% ஆகியிருக்கிறது. உங்கள் வட்டி 9%-லிருந்து 7.75% ஆகியிருக்க வேண்டும். 22 லட்சத்துக்கு 15 ஆண்டில் தவணை 22,314-லிருந்து 20,708 ரூபாய் ஆகும். மாதம் 1,606. ஆண்டுக்கு 19,000-க்கு மேல், நீங்கள் வங்கி ஃபண்டில் இழந்ததைவிட அதிகம். பெரும்பாலான வங்கிகள் தவணையை அப்படியே வைத்து மாதங்களைக் குறைக்கும். அதுவே உங்களுக்கு நல்லது: பழைய தவணையையே கட்டினால் 180 மாதக் கடன் சுமார் 158 மாதத்தில் முடியும். வங்கிச் செயலியில் கடன் அறிக்கையை எடுத்து, டிசம்பர் குறைப்பு எந்தத் தேதியில் உங்கள் கணக்கில் இறங்கியது என்று பாருங்கள். கடைசி மாற்றத்திலிருந்து மூன்று மாதம் கடந்தும் வட்டி 7.75%-க்கு வராமல் இருந்தால், கிளையில் எழுத்துமூலம் கேளுங்கள்.